ஒரு கிரகத்துக்கு ஒரு வேலை

அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில், அப்பாவின் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் அண்ணனும் நானும் ஒரு விண்வெளி விளையாட்டு ஆடுவோம். கிரகங்களைப் பிடித்து, மக்களைக் குடியேற்றி, எதிரிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும்.

அண்ணனுக்கு ஒரு சட்டம் இருந்தது: ஒரு கிரகத்துக்கு ஒரு வேலைதான். ஒன்றில் முழுக்க வயல்; அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் சோறு போடும். இன்னொன்றில் வெறும் சுரங்கம். நீல நிறத்தில் இருந்த மூன்றாவதில் ஆராய்ச்சிக் கூடங்களைத் தவிர ஒரு புல்லுக்கும் இடமில்லை. அங்கே இருப்பவர்கள் விளையாட எங்கே போவார்கள் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, ஓரத்தில் கிடந்த ஒரு குட்டிக் கிரகத்தை எனக்கென்று விட்டுக்கொடுத்தான். நான் அதில் இரண்டு வயல், ஒரு சுரங்கம், ஒரு கூடம், ஒரு பூங்கா என்று எல்லாவற்றையும் வைத்தேன். எதிலும் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. "உன்றது கிரகமில்ல சாமி, வாரச்சந்தை" என்பான். ஆனால் எதிரிகள் வந்தால் அண்ணனின் முதல் காவல் கப்பல் என் சந்தைக்குத்தான் வரும்.

பத்தாவது முடித்ததும் அவனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அவன் டாக்டராக வேண்டும் என்பது வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அவன் மறுத்ததாக நினைவில்லை. பொங்கலுக்கு நான்கு நாள் வந்தான். மெலிந்திருந்தான். கபடிக்குக் கூப்பிட்டவர்களிடம்கூடப் போகாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான்.

அன்று எதிரிகள் வயல் கிரகத்துக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். சோற்றுக் கப்பல் வராமல் நீலக் கிரகத்தில் ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். என் சந்தை மட்டும் தன்பாட்டுக்கு இருந்தது. நான் எகத்தாளம் பண்ண வாயெடுப்பதற்குள், அவன் நீலக் கிரகத்தைத் திறந்து கூடங்களை ஒவ்வொன்றாக இடித்தான். அந்த இடத்தில் வயல் வைத்தான். பிறகு ஒரு பூங்கா. பிறகு இன்னொரு பூங்கா.

எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வருஷம் கட்டியது. "அம்மா, அண்ணன் எல்லாத்தையும் இடிக்கறான்" என்று கத்தினேன். வந்தது அப்பா.

"ஏஞ்சாமி, பரிச்சைய வெச்சுக்கிட்டு இது தேவையா?"

"அங்க ஒரு நாளுகூட வெளிய உடமாட்டேங்கறாங்கப்பா" என்றான் அண்ணன், திரையைப் பார்த்தபடியே.

"ரெண்டு வருசந்தான சாமி, பல்லக் கடிச்சுட்டு இரு." அப்பா அவன் தலையைத் தடவிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார். மறுநாள் காலையில், ஒரு நாள் முன்னதாகவே, கொண்டுபோய் விட்டுவந்தார். பைக்கில் ஏறும்போது அண்ணன் "வாரேன் சாமி" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கோபம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அவனுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும்போல் இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்து, அடைபட்ட வழியை மீட்டு, பூங்காக்களை இடித்து, கூடங்களை அவன் வைத்திருந்த அதே வரிசையில் திரும்பக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து அவன் பேசியபோது அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"அண்ணா, நீலத்துல எல்லாக் கூடத்தையும் பழையபடி கட்டிட்டேன். பூங்கா ஒண்ணுகூட இல்ல."

அவனிடமிருந்து சத்தமே இல்லை. தங்கள் முறைக்குக் காத்திருந்த பையன்களின் இரைச்சல் மட்டும் பின்னால் கேட்டது.

"சரி சாமி" என்றான் கடைசியில். "நல்லா இருக்கட்டும்."

அண்ணனுக்குப் பேச்சே வராத அளவுக்குச் சந்தோஷம் என்று அம்மாவிடம் சொன்னேன்.