சீல் விழாத முத்திரைகள்

இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. போன ஆவணியில் யாழ்ப்பாணத் தீவுப்பக்கம், கரம்பொனில் நடந்தது. நம்பாவிட்டாலும் பரவாயில்லை. வாசித்து முடித்த பிறகு குசினி விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

ரஜீபனுக்கும் சிவப்பிரியாவுக்கும் அந்த வீட்டை விட்டால் வேறு கூரை கிடையாது. முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் நயினாதீவில் கோயில் பூசை செய்கிற குடும்பத்துப் பெண். கடைக்காரக் குடும்பத்துப் பொடியனோடு படகேறிவிட்டாள் என்று அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். ரஜீபன் வீட்டிலும் கதவு திறக்கவில்லை. கனடாவில் இருக்கிற அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் மயூரநாதன்தான் ஃபோனில், "கரம்பொன் வீடு சும்மாதான் கிடக்கு. இருந்து பாத்துக்கொள்ளடா" என்றார். வாடகை வேண்டாம் என்றார். ஏன் என்று இவர்களும் கேட்கவில்லை. சிவப்பிரியாவுக்கு அப்போது ஆறு மாதம்.

ரஜீபனுக்குக் குறிகட்டுவான் துறையில் வேலை. காலையில் முதல் படகுக்கு அங்கே நிற்க வேண்டும். அதற்கு முன்னால், விடியப்புறம் நாலு மணிக்கு, அவனுக்கென்று கொஞ்ச நேரம் இருந்தது. ஃபோன் அடிக்காது. றோட்டில் ஆள் இல்லை. குசினி மேசையில் முத்திரைகளைப் பரப்பிக்கொண்டு இருப்பான். படகில் வருகிற சனத்திடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த பழைய கடித உறைகள். இங்கிலாந்து, ஜெர்மனி, நோர்வே. மூலையை வெட்டி எடுத்து, அகலத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்க விட வேண்டும். அவசரப்படக் கூடாது. பசை தானாக இளகும். கடதாசி கீழே போக, முத்திரை வழுக்கிக்கொண்டு தனியாக மேலே வரும். அந்த ஒரு கணத்துக்காகவே அவன் நித்திரையை விட்டு எழும்புவான்.

சிக்கல் தண்ணீரில் இருந்தது. முன்வளவுக் கிணறு உவர். காய்ந்த முத்திரையில் உப்புப் பூத்துவிடும். குடிதண்ணீர் பவுசர் லொறியில் வருவது. அதில் கை வைத்தால் சிவப்பிரியா விடமாட்டாள்.

"எங்களுக்குக் குடிக்கத் தண்ணியில்லை. நீங்கள் இங்கிலாந்து ராணிக்கு அபிஷேகம் செய்யிறியள்."

அதனால்தான் பின்வளவில் தகரமும் பனங்குற்றியும் போட்டு மூடியிருந்த கிணற்றை அவன் திறந்தான். வாளியை இறக்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தான். இளநீர் மாதிரி.

அங்கேயே அவன் யோசித்திருக்க வேண்டும். தீவில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தால் ஊரே குடத்தோடு வந்து நிற்கும். இதைச் சுற்றி ஒரு கால் தடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா எழுபத்தைந்து வயதில் பவுசருக்காக வெயிலில் தண்ணீர்க் கானோடு காத்து நிற்கிறவர். ரஜீபன் வேலிக்கு மேலால் கூப்பிட்டான்.

"இஞ்சை வந்து அள்ளுங்கோவன் அம்மா. நல்ல தண்ணி."

"வேண்டாம் தம்பி. பவுசர் வரும்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "நீங்கள் அதைக் குடிக்கிறேல்லைத்தானே?"

"சீச்சீ. இது என்ரை முத்திரைக்கு."

"அப்ப சரி."

அடுத்த கிழமை பவுசர் வரவில்லை. சிவப்பிரியா பின்கிணற்றில் அள்ளினாள். பிறகு பவுசர் வந்தும் அவள் போகவில்லை. சோறு, தேத்தண்ணி, சாமிக்கு வைக்கிற செம்பு... எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

ஒரு விடியப்புறம் ரஜீபன் பின்கிணற்றுத் தண்ணீர்த் தட்டில் ஏழு துண்டு போட்டான். எட்டு முத்திரை வந்தது.

எண்ணியதில் பிழை என்று நினைத்தான். அடுத்த நாள் இரண்டு கூட. அதற்கடுத்த நாள் மூன்று. எல்லாம் இலங்கை முத்திரை, எண்பதுகளில் வந்தவை. அவனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கடவுளே கொண்டுவந்து தருகிற மாதிரி. விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தான். பின்பக்கம் கடித உறையின் நார் கொஞ்சம் ஒட்டியிருந்தது. முன்பக்கத்தில் கறுப்பு மை இல்லை. ஒன்றில்கூட இல்லை.

சிவப்பிரியாவை எழுப்பிக் காட்டினான்.

"இதைப் பாருமன். ஒட்டியிருக்கு. ஆனா சீல் விழேல்லை. பெட்டிக்கை போட்ட கடிதம் தபால் கந்தோருக்குப் போனாத்தான் சீல் குத்துவினம்."

"அப்ப இது?"

"போகேல்லை."

அவள் முத்திரையைத் தொடவில்லை. "ஆரின்ரையோ சாமான். வைச்சிருக்காதேங்கோ" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

அன்றைக்குத்தான் முதல் தடவை மணி கேட்டது. நாலு பன்னிரண்டு. வாசல் படலையடியில்.

கிணிங்.

சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

மறுநாள் அதே நேரம். கிணிங்... இந்த முறை வீட்டின் பக்கச் சுவரோரம்.

அதற்கு மறுநாள் கிணற்றடியில். மணி தெளிவாக இல்லை. தண்ணீருக்குள் இருந்து அடிக்கிற மாதிரி...

நாலாம் நாள் மணி அடிக்கவில்லை.

தட்டில் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. காற்று நின்றிருந்தது. பின்கதவுப் பக்கம் ஒரு சத்தம்.

டப்... டப்...

சொட்டுகிற சத்தம். அதோடு வெறுங்கால் நடை. மெதுவாக வந்தது. அவனுடைய கதிரைக்குப் பின்னால் நின்றது.

சிவப்பிரியா தண்ணீர் குடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தான். முத்திரை பிடிக்கிற சாவணத்தின் நுனியில் ஒரு முத்திரை பாதி கழன்று நின்றது. அதனால் திரும்பவில்லை.

"நித்திரை வரேல்லையோ?"

டப்...

கழுத்தில் குளிர் அடித்தது. பாசி மணம்.

தோளுக்கு மேலால் ஒரு கை வந்தது.

ஈரக் கை. தோல் வெளுத்து, ஊறி, விரலை விட்டுக் கழன்று...

தட்டில் ஒரு முத்திரையை வைத்தது.

பிறகு இன்னொன்று.

பிறகு இன்னொன்று...

உள் அறைக்குள் இருந்து சிவப்பிரியாவின் குரல் வந்தது.

"ஆரோடை கதைக்கிறியள்?"

அவன் திரும்பியபோது பின்னால் ஒருவரும் இல்லை. பின்கதவு பூட்டியபடி. கதவில் இருந்து கதிரை வரைக்கும் நிலம் ஈரம். வெறுங்கால் தடங்கள், வந்தவை மட்டும். திரும்பிப் போனவை இல்லை. தட்டில் தண்ணீர் தெரியவில்லை. மேலே முழுக்க முத்திரை.

வெளிச்சம் வரும்வரை அப்படியே இருந்தான். பிறகு எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு பிலோமினம்மாவிடம் போனான். அவர் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னான். பேப்பரை விரித்தான். அவர் விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

"தொண்ணூறாம் ஆண்டு. தபால் பெட்டியைத் திறந்து கடிதம் எடுத்துக்கொண்டு போற பொடியன் ஒருத்தன். சைக்கிள்லைதான் வருவான். அவனைப் பையோடை அந்தக் கிணத்துக்கை போட்டாங்கள். சைக்கிளையும் போட்டாங்கள்."

"ஆர்?"

"அதைக் கேக்காதையும். அடுத்த நாள் சண்டையாலை ஊரே வெளிக்கிட்டிட்டுது. திரும்பி வந்த சனம் கிணத்தை மூடினது."

"அவரை எடுக்கேல்லையோ?"

"எடுத்தா, ஆர் போட்டதெண்டு சொல்லவேணும். ஆர் சொல்லுறது? மயூரநாதனுக்கும் தெரியும். அதுதான் வீடு இவ்வளவு காலமும் சும்மா கிடந்தது."

பிலோமினம்மா நிலத்தில் குந்தி முத்திரைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"அண்டைக்குக் காலமை நானும் ஒரு கடிதம் போட்டனான். கொழும்பிலை நிண்ட மகனுக்கு. இஞ்சாலை வராதை, அங்கையே நில் எண்டு."

ஒரு முத்திரையை விரலால் தடவிக்கொண்டு சொன்னார்.

"கடிதம் போகேல்லை. வந்திட்டான்."

எது தன்னுடையது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரேமாதிரி முத்திரை, ஊரில் எல்லோரும் வாங்கி ஒட்டியதுதான். எல்லாவற்றையும் பேப்பரோடு வாரி மடியில் வைத்துக்கொண்டார். அவன் எழும்பும்போது கேட்டார்.

"அந்தப் பிள்ளை, உம்மடை மனுசி, அதைக் குடிக்கிறேல்லைத்தானே?"

"இல்லை" என்றான் ரஜீபன்.

கரம்பொனில் இருந்து எங்கே போவது என்று வேலியைக் கடப்பதற்குள் யோசித்துப் பார்த்தான். நயினாதீவு... அவனுடைய வீடு... வேறு ஒரு இடமும் மனதில் வரவில்லை.

சிவப்பிரியா குசினி வாசலில் நின்றாள். ஒரு கை வயிற்றில். மற்றக் கையில் ஆவி பறக்கிற கோப்பை.

"விடியக்காலமை பிலோமினம்மாவோடை என்ன கதை?"

"ஒண்டுமில்லை."

"முகம் ஒரு மாதிரி இருக்கு. இந்தாங்கோ, சூட்டோடை குடியுங்கோ. இந்தத் தண்ணிக்குத் தேத்தண்ணி எவ்வளவு ருசியாய் வருது, பாருங்கோ."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ரஜீபன் வாங்கிக் குடித்தான்.