அப்பாவின் எதிர்ப்பாட்டுக்காரி

“...செத்துப்போன மனுசனுக்கு மால போட்டு, வெளக்கேத்தி வச்சு, அவரு படத்துக்கு நேரா நின்னு ‘வாந்தி எடுத்தீங்களே’ன்னு என்னைய பாடச் சொல்றியா புள்ள? நாக்கு அழுகிப்போகும்” என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில், அவருடைய மகன் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் கதிரையில் நான் உட்கார்ந்திருந்தேன். ரத்த உறவில் அவர் எனக்கு அத்தை இல்லை. அப்பாவோடு ஊர் ஊராகப் போய் எதிர்ப்பாட்டுப் பாடியவர். எதிர்ப்பாட்டு என்றால் ஒருவர் பாட்டிலேயே சீண்டுவார், மற்றவர் பாட்டிலேயே அவர் வாயை அடைப்பார். சீண்டுவது அப்பா, அடைப்பது அத்தை. மேடையில் அப்பாவை ‘மாமா’ என்பார். கீழே இறங்கிவிட்டால் மரியாதையாக ‘அண்ணே’.

அப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கண்டியில் ஒரு மண்டபம் எடுத்து, நாவலப்பிட்டித் தோட்டத்துப் பிள்ளைகளை இரண்டு பக்கமாக நிறுத்தி, அவருடைய பாட்டுகளைப் பாட வைக்க ஏற்பாடு செய்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, என்னிடம் இருப்பது பாதிப் பாட்டு. அப்பாவின் சீண்டல்கள் எல்லாம் போனில் பத்திரமாக இருக்கின்றன. ஊருக்கே தெரிந்த ஒன்றிரண்டைத் தவிர, பதில்கள் அத்தையின் வாயில் மட்டும் இருக்கின்றன. அவர் சொல்லித் தராவிட்டால் அவரோடு அவையும் போய்விடும்.

அப்பா ராமநாதபுரத்துப் பக்கம். மீசை அரும்பிய வயதில் தலைமன்னாருக்குக் கப்பலேறி, அங்கிருந்து ரயிலில் கண்டிக்கு வந்து, சொந்தக்காரர் ஒருவரின் புடவைக் கடையில் சேர்ந்தார். வாசலில் நின்று ஆள் கூப்பிடுவதுதான் வேலை. வெறும் வாயால் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பாட்டுக் கட்டிக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மூட்டையோடு நாவலப்பிட்டிச் சந்தைக்குப் போவார். அங்கே கொழுந்து பறிக்கிற பெண்கள் கூட்டத்தைப் பார்த்து ஒருநாள் எடுத்துவிட்டார்:

கொழுந்து கிள்ளும் கைக்காரி – ஒனக்கு
கோவம் மட்டும் கிலோக் கணக்கா?

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு பெண் குரல் வந்ததாம்:

கப்பலேறி வந்த மாமா – ஒங்க
கஜக்கோலு ஏன் கட்டையாச்சு?

சந்தையே சிரித்திருக்கிறது. துணியைக் குறைத்து அளக்கிறான் என்று ஊர் முன்னால் பாட்டிலேயே சொன்னால் வேறு யாராவது மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அப்பா அடுத்த ஞாயிறு அந்தக் குரலைத் தேடிக்கொண்டு போனார். “என்னைய திட்டுறதுக்கு ஒரு ஆளு கெடைச்சப்பதான் இது நம்ம ஊருன்னு தோணுச்சு” என்பார். நான் கேட்ட வார்த்தைகளிலேயே இதற்கு மேல் ஒன்று இல்லை.

பிறகு கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று அப்பாவையும் அந்தக் குரலுக்குரிய அத்தையையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். அப்பாவின் பாட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. அது இப்படி வரும்:

அக்கரையில சிலோன்காரன்
இக்கரையில இந்தியாக்காரன்
நடுக்கடல்ல நான் யாருன்னு
ஒருத்தருமே கேக்கலயே

இந்த இடத்தில் கூட்டம் மூக்கை உறிஞ்சத் தொடங்கும். அத்தை விடுவாரா?

மீனு வந்து கேட்டுச்சே மாமா – நீங்க
வாந்தியெடுத்துக் கெடந்தீங்களே!

அழ வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த வாந்தியைத்தான் இப்போது பாடமாட்டேன் என்கிறார்.

“நீங்க பாடலன்னா என்ன, நானே பதில் எழுதிட்டு வந்திருக்கேன்” என்று சொல்லி, எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்.

“கடல் கடந்து வந்த கவியே, கண்டி கண்ட ரவியே...”

அத்தைக்குக் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீ புரையேறிவிட்டது.

“ரவியாம்! ஒங்கப்பா இதக் கேட்டா எந்திரிச்சு வந்துருவாரு. நான் அந்த மனுசன ஒரு நாளாவது புகழ்ந்திருக்கேனா?”

“செத்தவங்கள நல்லபடியாத்தானே சொல்லணும்னு நீங்கதானே அத்தை சொன்னீங்க?”

“அதுக்காக? ரவியாம் ரவி!”

கோபமும் சிரிப்புமாக இருந்தார். இதுதான் சமயம் என்று போனைத் தட்டிவிட்டேன். அப்பா நோயில் கிடந்த மாதங்களில் வீட்டில் நான் பதிந்தது. ‘கோவம் மட்டும் கிலோக் கணக்கா’ என்று பாடிவிட்டு அப்பா நிறுத்துகிறார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அடுத்த அடி. மூச்சு வாங்குகிறார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அத்தையின் உதடு அசைவதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அவருடைய பதில் முடியும் இடமும் அப்பா மறுபடி தொடங்கும் இடமும் ஒன்றாக இருந்தன.

நடுக்கடல் பாட்டு வந்தது. அந்த இடைவெளி மற்றதைவிட நீளம். அத்தையின் உதடு அசைந்து நின்ற பிறகும் அப்பா தொடங்கவில்லை.

“இந்த எடத்துலதான் சனம் சிரிக்கும்” என்றார் அத்தை மெதுவாக. “அதுக்கும் எடம் விட்டுருக்காரு பாரு.”

போனை நிறுத்தினேன். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“செத்தவர வையமாட்டேன், அதுல மாத்தம் இல்ல” என்றார் கடைசியில். “ஆனா உசுரோட இருக்கவள வையலாம். திருப்பி வைய அவளுக்கு வாய் இருக்குல்ல? ஒங்கப்பா எடத்துல நீ நில்லு. அவரு பாடினத நீ பாடு. நான் ஒன்னைய வையுறேன். புள்ளைங்க பாத்துப் படிச்சுக்கட்டும்.”

மண்டபம் நிறைய ஆட்கள் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள்.

“ஐயோ அத்தை, எனக்குப் பாட வராது. பேசத்தான் வரும்.”

அத்தை கதிரையைப் பிடித்து எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி எடுத்தார்:

பாட்டுக்காரர் பெத்த மகளே – ஒனக்கு
பேச மட்டுந்தான் வாயிருக்கா?

பாடி முடித்து, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.