சொல்லாமல் உட்கார்ந்த நாற்காலி

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடி புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. ராணுவத்தில் பதினைந்து வருஷம் முடித்து, ஹவில்தாராக ஊர் திரும்பியிருந்தேன். பென்ஷனை நம்பி வீட்டில் சும்மா உட்காருகிற வயதா எனக்கு? துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. எனக்கில்லாத வேலையா என்று கிளம்பினேன்.

பீச் ரோட்டில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் ஏஜென்டுகளின் ஆபீஸ்கள் இருந்தன. காக்கி பேன்ட்டைக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி, பூட்ஸில் முகம் தெரிகிற அளவுக்கு பாலிஷ் போட்டு, சட்டையில் மெடலையும் குத்திக்கொண்டு போவேன். வாசலில் விறைப்பாக நின்று ஒரு சல்யூட். பெயர், நம்பர், ரேங்க் சொல்வேன். அப்புறம் கேட்டதற்கு மட்டும் பதில். பட்டாளத்தில் கேட்காததைச் சொன்னால் அதிகப்பிரசங்கி என்பார்கள். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது.

போன இடமெல்லாம் மரியாதைக்குக் குறைவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், யுத்தத்தைப் பற்றி விசாரித்தார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே வேலையைத்தான் நீட்டினார்கள்: வாட்ச்மேன். ஒரு முதலாளி என் சல்யூட்டில் அசந்துபோய், விசிலையும் தடியையும் மேஜைமேல் எடுத்து வைத்து, அன்று சாயங்காலமே கேட்டுக்கு வந்துவிடச் சொன்னார். இரண்டையும் தொடாமல் திரும்பி வந்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாட்ச்மேன் வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை. என் அப்பா உப்பளத்தில் காவல் காத்துத்தான் எங்களை வளர்த்தார். ஆனால் பதினைந்து வருஷமும் நான் பார்த்தது சப்ளை வேலை. ரயிலில் வரும் சரக்கை இறக்கி, பிரித்து, மலைமேல் இருக்கும் முகாம்களுக்கு லாரி லாரியாக ஏற்றி அனுப்புகிற வேலை. காக்கி போட்டவன் கேட்டில் நிற்கத்தான் லாயக்கு என்று இவர்களுக்கு யார் சொன்னது?

வீட்டில் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கக் கசக்கிறதா என்றார். நான் எகிறினேன். மீன் அரிந்துகொண்டிருந்த என் மனைவி, அரிவாள்மனையிலிருந்து நிமிராமலே பேசினாள்.

"போற எடத்துல எல்லாம் வாசல்ல நின்னு சல்யூட் அடிச்சா, வாசல்லதான நிக்கச் சொல்லுவாவ? லீவுல வரும்போது மூட்டை அடுக்குன கதைய விடிய விடிய எங்கிட்ட சொல்லுவீங்கல்லா, அதை அங்கன போய்ச் சொல்லுங்க."

மச்சான் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த திங்கட்கிழமை மெடலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வேட்டி, வெள்ளைச் சட்டை. விசிலும் தடியும் நீட்டிய அதே முதலாளியிடம் போனேன். கை நெற்றிக்குப் போகப் பார்த்தது, அடக்கினேன். 'சார்' என்று முழங்காமல், ஊரில் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிற மாதிரி அண்ணாச்சி என்று சொல்லி வணக்கம் வைத்தேன். அப்புறம், அவர் சொல்லாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். உத்தரவில்லாமல் ஒரு பெரிய மனிதர் முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"என்ன வே, அன்னைக்குத் தூண் மாதிரி நின்னீரு, இன்னைக்குச் சட்டமா உக்காந்துட்டீரு?"

"நின்னா வாட்ச்மேனாத்தான் தெரியுதேன் அண்ணாச்சி. நான் சரக்கு அடுக்குதவன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொன்னேன். மலையில் முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியாக ஏற்ற வேண்டும் என்று சொன்னேன். மண்ணெண்ணெய் டின்னை மாவு மூட்டைப் பக்கத்தில் வைத்தால் குளிர்காலம் முழுக்க அந்த நாற்றச் சப்பாத்தியைத்தான் தின்ன வேண்டும் என்றேன். பனி பாதையை அடைப்பதற்குள் ஆட்களை எப்படி வேலை வாங்கினேன் என்பதையும், மனைவியிடம் சொல்கிற மாதிரியே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி முழுவதும் கேட்டார். சரக்கு மேற்பார்வைக்கு இப்போது இடம் இல்லை, வாட்ச்மேன் என்றால் இன்றைக்கே சேரலாம் என்றார்.

வேண்டாம் என்றேன். வருகிற திங்கட்கிழமை மறுபடி வருவேன் என்றும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

போனேன். அதற்கடுத்த திங்களும் போனேன். அதே நாற்காலி, அதே பேச்சு. ஆபீஸ் கிளார்க்குகள் எனக்கு 'நாற்காலிக்காரர்' என்று பட்டம் வைத்தார்கள். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்காக வீட்டில் முடங்குவதா? வீம்புக்குப் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை அந்த ஆபீஸே அல்லோலகல்லோலப்பட்டது. இரண்டு கப்பல்கள் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன, ஆள் போதவில்லை. நாற்காலியை இழுக்கப் போன என்னை முதலாளி தடுத்தார்.

"இன்னைக்கு உக்கார வேண்டாம் வே. கப்பல் நிக்குத ஜெட்டிக்குப் போம். ரெண்டாவது கப்பல் சரக்கை நீரு பாத்துக்கிடும்."

அன்று ஜெட்டிக்குப் போனவன், அந்தக் கம்பெனியிலேயே மேற்பார்வையாளனாக இருந்துதான் ஓய்வு பெற்றேன்.

கொடியேற்றுகிற இடத்தில் இன்றும் என் கை தானாக நெற்றிக்குப் போகும். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பட்டாளத்திலிருந்து வந்து வேலை தேடுகிற பையன்களிடம், சல்யூட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போய், என்ன வேலை தெரியும் என்று உட்கார்ந்து சொல்லுங்கள் என்கிறேன். அந்த நாற்காலியை எனக்கு யாரும் எடுத்துப் போடவில்லை, நானாகத்தான் உட்கார்ந்தேன் என்று நினைத்தால், இந்த வயதிலும் என் முதுகு தானாக நிமிர்கிறது.