பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிறவர்

புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில், எங்கள் அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவேயில்லை. மெலிந்துபோன மனிதர். மோதிரம் கழன்று விழாமலிருக்க நூல் சுற்றியிருந்தார். எந்நேரமும் போனில் ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்ப்பார். ஒரு வீட்டுக்குள் பத்துப் பேர். அதில் இரண்டு பேர் மற்றவர்களை ஏமாற்ற வேண்டும். அந்த இரண்டு பேர் யாரென்று அவர் முதலிலேயே சொல்லிவிடுவார்.

அவர் மனைவி ஒருநாள் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். “தம்பி, கேன்சர்னு அவுகளுக்குத் தெரியாது. அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் வாய் தவறிச் சொல்லிராதீங்க.”

சரியென்றேன்.

மறுநாள் போனில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், “இதுல அப்படி என்னங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“பொய் சொல்றவுக மொகத்தப் பாக்கணும் தம்பி. மாட்டிக்கிருவமோன்னு என்னா தவிப்பு தவிக்கிறாக!” போனை அணைத்தார். “எங்க வீட்டுலயும் மூணு மாசமா அப்படித்தான் தவிக்கிறா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவா. நீங்க சொல்லிராதீங்க.”

அந்த அம்மா கஞ்சியோடு வந்தார். “புண்ணு ஆறிக்கிட்டு வருதாம், டாக்டர் சொல்றாரு.”

“அதான, வலி கொறைஞ்சிருக்கு,” என்றவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினார்.

அப்பாவை வீட்டுக்கு அழைத்துப்போன அன்று, மாடிப்படிக்குக் கீழே அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இருவரையும் சேர்ந்து அழ விட்டிருக்கலாம். நான் அப்பாவோடு பஸ் ஏறிவிட்டேன். அது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.