வக்காலத்து எழுதிய நாலு தாள்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் என்னைத் 'துணிச்சலான விமர்சகர்' என்று எழுதியிருந்தார்கள். என் மனைவி அதை வாசித்துவிட்டு, எலியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிற ஆசாமியைப் பற்றியா இது என்று கேட்டாள். எலி ஒன்றும் பெரிய விஷயமில்லை. நான் சொல்லப் போகும் பயம் வேறு.

போர்க்காலம். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான் என்று பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், தெருவெல்லாம் பேச்சு. நான் ராணுவத் தளவாடங்களுக்குக் கணக்கெழுதும் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. பிரேசர் டவுனில் குடியிருந்தேன். மனைவிக்கு ஆறாம் மாதம். அந்தச் சம்பளம் ஒன்றுதான் எங்களுக்கு ஆதாரம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் ஐந்து பேர் ஒரு மருந்துக் கடையின் மாடியில் கூடுவோம். கடை கம்பவுண்டருடையது. அவர்தான் எங்களைச் சேர்த்தவர். இங்கிலீஷில் வரும் நல்ல நாவல்களை வாங்கிப் படித்து, தமிழில் விமர்சனம் எழுதிப் பழகுவது எங்கள் வேலை. எழுதுவதெல்லாம் ஒரே தடித்த நோட்டில். ஆரம்பத்தில் ஆளுக்கு இரண்டு வரியில் 'குப்பை' என்றோ 'அற்புதம்' என்றோ எழுதிக்கொண்டிருந்தோம். அது பொறுக்காமல் கம்பவுண்டர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். ஒருவர் முதலில் ஆசிரியருக்கு வக்காலத்து எழுத வேண்டும். பிடிக்காத ஆசிரியராக இருந்தால் இன்னும் நன்றாக எழுத வேண்டும். அடுத்தவர் அதற்கு மறுப்பு எழுத வேண்டும். மறுப்பு எழுதுகிறவர் முதல் பக்கத்தில் தம் பெயரைப் போட்டு, வக்காலத்தில் எந்த வாக்கியங்கள் மிகவும் பலமானவையோ அவற்றை அப்படியே தம் கையால் பெயர்த்தெழுதிவிட்டுத்தான் பதிலைத் தொடங்கலாம். சொத்தை வாக்கியத்தைப் பொறுக்கி அடித்துவிட்டு ஜெயித்தேன் என்று சொல்லக்கூடாது என்பதற்காக. முதல் ஆள் தன்னுடைய நிஜமான அபிப்பிராயத்தை எழுதுவது கடைசியில்தான்.

அந்த வருஷம் ஒரு நாவல் எங்கள் கைக்கு வந்தது. எழுதியவர் ஐரோப்பாவில் பெரிய பேர் வாங்கியவர். போர் தொடங்கியபின் எதிரி நாட்டு ரேடியோவில் அவர்கள் பக்கம் பேசியவர். படிக்கலாமா கூடாதா என்று மாடியில் ஒரே சண்டை. கம்பவுண்டர் கூடாது என்றார். படிக்கத்தான் வேண்டும் என்று சொன்னவர் டீச்சர். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வருவார். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒரே பெண். அவருடைய தம்பி பட்டாளத்தோடு மலாயாவுக்குப் போய் ஏழு மாதமாக ஒரு கடிதமும் இல்லை. அப்படிப்பட்டவரே படிக்கலாம் என்றதும் மற்றவர்கள் அடங்கினார்கள். வக்காலத்து என் பங்குக்கு வந்தது. என் பேனாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு; நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கதை இதுதான். ஒரு துறைமுக ஊரில் கொள்ளை நோய். ஒரு தெருவில் நாலு தலைமுறையாக வாழ்கிறவர்கள், நடுவில் வந்து குடியேறிய ஒரு குடும்பத்தை வெளியே துரத்துகிறார்கள். அந்தக் குடும்பம் மூட்டையோடு நடந்து போகிறது; வீடுவீடாகக் கதவுகள் சாத்தப்படுகின்றன; மறுநாள் மழை பெய்து தெரு கழுவிவிட்டதுபோல ஆகிறது. அந்த மழையை அந்த மனிதர் எழுதியிருந்தாரே, அப்படி ஒரு மழையை நான் நேரிலும் பார்த்ததில்லை. எங்கள் டவுனே பிளேக்குக்குப் பிறகு உண்டான டவுன். கொள்ளை நோய் என்றால் எங்களுக்குக் கதையில்லை. மழைப் பக்கத்தை முடித்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிழைப்புக்காகத் தமிழ் பேசிக்கொண்டு கன்னட தேசத்துக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். மூட்டையோடு போகிறவர்களோடு என்னைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நான் தெருக்காரர்களோடு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன்.

நாலு தாள் எழுதினேன். 'உடம்பு நோயைத் துப்புகிறது. அதற்காக நாம் உடம்பைக் கோபித்துக்கொள்கிறோமா?' என்று ஒரு வரி. 'இந்த ஆசிரியர் இன்று யாருக்காகப் பேசுகிறாரோ அவர்கள் இந்த உண்மையை நம்மைவிட முன்னால் அறிந்தவர்கள்' என்று இன்னொரு வரி. கீழே முழுக் கையெழுத்து. ஆபீஸில் போடுகிற அதே கையெழுத்து. நோட்டு மறுப்புக்காக டீச்சரிடம் போயிற்று.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், பக்கத்து செக்‌ஷனில் இருந்த ஒருவரைப் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. அவருடைய மேஜையில் ஏதோ துண்டுப் பிரசுரங்கள் இருந்தனவாம். டிபன் டப்பாவைக்கூட மூடவிடவில்லை. சாதமும் கரண்டியும் அப்படியே இருந்தன. அவர் போனதும் சூப்பரின்டெண்டென்ட் எங்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். எதிரிக்கு ஆதரவான எந்த எழுத்தும் என் வசம் இல்லை, நான் எழுதியதும் இல்லை, பொய்யென்று தெரிந்தால் வேலை நீக்கத்துக்கும் சிறைக்கும் உட்படுகிறேன் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டு முடித்தபோதுதான் அந்தக் கையெழுத்தை வேறொரு இடத்தில் போட்டிருப்பது ஞாபகம் வந்தது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. நோட்டு எங்கே என்று மட்டும் கேட்டாள். பிறகு அலமாரியில் இருந்த என் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலையில் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நடந்தேன். சைக்கிளில் போனால் மணிச் சத்தம் கேட்கும் என்று நடை. அவ்வளவு புத்தி. பூங்கா மூலையில் ஒரு கான்ஸ்டபிள் நின்றிருந்தார். என்னைப் பார்த்து "எல்லிகே?" என்றார். எங்கே போகிறாய் என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சர்ச்சுக்கு என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். நெற்றியில் மூன்று பட்டை திருநீறு. அவர் என் நெற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த தெரு திரும்பும்வரை அவர் கண் என் முதுகில் இருந்ததாகவே நினைத்தேன்.

டீச்சர் மாதா கோயில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கூடத்தில் ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். தம்பி இருக்கும் திசையிலிருந்து நல்ல செய்தி வராது என்பதால் அதைத் திருப்புவதில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். நான் உளறியதையெல்லாம் கேட்டுவிட்டு நோட்டையும் மசிக்கூட்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். என் நிஜமான அபிப்பிராயத்தை இப்போதே எழுதி, வக்காலத்துக்கு அடியில் சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம் என்பது என் திட்டம். உட்கார்ந்தேன். 'ஆசிரியர் எதிரியின் ஆள். ஆகவே நூல் கெட்டது' என்று எழுதினேன். அடித்தேன். 'நடை செயற்கையானது' என்று எழுதினேன். அது பச்சைப் பொய். மூன்றாவதாக எழுதியதை டீச்சர் வாங்கிப் படித்தார்.

"இது பயந்து எழுதினது சார்" என்றார். "முன்னாடி எழுதினது நம்பி எழுதினது. யார் படிச்சாலும் தெரியும்."

அது வழக்கப்படி எழுதியது, வக்கீல் பேசுவதுபோல, என்றேன்.

"வழக்கம்னு எனக்குத் தெரியாதா? ஆனா படிக்கறப்ப அப்படி தோணலையே. அந்தத் தெருவுல நானும் போயி கதவைச் சாத்திட்டேன். ஒரு வாரமா மறுப்பு எழுதப் பார்க்கறேன், பதிலே வரமாட்டேங்குது."

எனக்கு அவர் கவலையில் அக்கறை இல்லை. கிழித்துவிடலாமா என்று கேட்டேன். அவர், உங்கள் தாள், உங்கள் இஷ்டம் என்றார். நாலு தாளையும் கிழித்தேன். புதிதாகக் கிறுக்கியதையும் சேர்த்துக் குளியலறைப் பாய்லர் அடுப்பில் போட்டேன். சாம்பலைக் குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். டீச்சர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை அதன் இடத்தில் வைக்கவேண்டும், காணாமல் போனால்தான் சந்தேகம் வரும், நீங்களே கடையில் சேர்த்துவிடுங்கள் என்று என்னிடம் கொடுத்தார்.

வரும் வழியில் ஒரு மரத்தடியில் நின்று, என்னுடையது ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று நோட்டைப் புரட்டினேன். இருந்தது. கிழித்த இடத்துக்கு அடுத்த பக்கத்தில், மேலே டீச்சரின் பெயர். கீழே என் பலமான வாக்கியங்கள் ஆறும், அவருடைய அழகான வட்ட எழுத்தில். உடம்பு நோயைத் துப்புகிறது. நம்மைவிட முன்னால் அறிந்தவர்கள். எல்லாம். எதிர்ப்பக்கம், பதில் வரவேண்டிய பக்கம், காலியாக இருந்தது. அவசரத்தில் அவர் இதை மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

திரும்பிப் போய் அவரிடம் காட்டியிருக்கலாம். அரை மைல்கூட இராது. ஆனால் அந்தக் கான்ஸ்டபிளை மறுபடியும் கடக்க வேண்டும். நானே கிழித்திருக்கலாம். அடுத்தவர் பக்கத்தை அவரைக் கேட்காமல் எப்படிக் கிழிப்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு நாகரிகம் வந்துவிட்டது. உண்மை என்னவென்றால், என் கையெழுத்து அதில் இல்லை என்றதும் கால்கள் தாமாகவே வீட்டுப் பக்கம் நடந்தன. நோட்டைக் கடை மாடியில் வைத்தேன். அன்று மத்தியானக் கூட்டத்துக்கு நிற்கவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை, யார் துப்புக் கொடுத்தார்களோ, போலீஸ் மருந்துக் கடையைச் சோதனை போட்டது. புதன்கிழமை எனக்கு ஆள் வந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரில் ஒரு பல்லி. அது நகர்ந்தால் எனக்குத் தண்டனை இல்லை என்று வைத்துக்கொண்டேன். அது நகரவே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே இன்ஸ்பெக்டர் தமிழர், மரியாதையாகத்தான் பேசினார். நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"இது மறுப்புக்காகப் பார்த்து எழுதினது, அசல் உங்களுதுன்னு கம்பவுண்டர் சொல்றார். டீச்சர் யார் பேரையும் சொல்லமாட்டேங்கறாங்க. அசல் நோட்டுல இல்லை. நீங்க எழுதினீங்களா?"

மனைவியின் வயிறு ஞாபகம் வந்தது. சாதத்தில் நின்ற கரண்டி ஞாபகம் வந்தது. இவையெல்லாம் காரணங்கள்தான், ஆனால் காரணங்களை நினைப்பதற்கு முன்பே என் வாய் பேசிவிட்டது.

"இல்லீங்க. நான் அந்தப் புக்கை இன்னும் படிக்கவே இல்லை" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். பிறகு போகலாம் என்றார். வெளியே வந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. சந்தோஷமாகவே இருந்தது. ஒரு கடையில் நின்று மனைவிக்கு மல்லிகைப் பூ வாங்கினேன்.

டீச்சருக்குச் சிறை இல்லை. தம்பி பட்டாளத்தில் இருப்பதால் எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. அந்த மாதத்தோடு வேலை போயிற்று. கம்பவுண்டர் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் டீச்சர் மனம் மாறி என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றால் கழிவறைக்குப் போய் நின்றுகொள்வேன். பாவம் அவர் என்று நினைக்க எனக்கு நேரமே இருக்கவில்லை.

டீச்சர் ஊரை விட்டு அரக்கோணத்தில் இருந்த தம் அக்கா வீட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து வாசற்கதவைச் சாத்தப் போனேன். என் மனைவி வந்து கையைத் தள்ளிவிட்டு அவரை உட்காரவைத்தாள், காப்பி கொடுத்தாள். தம்பியைப் பற்றி இன்னும் தகவல் இல்லை என்றார். அந்தப் பக்கத்தைப் பற்றியோ இன்ஸ்பெக்டரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. என் பொய்யை அவர் அறிந்திருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து போகும்போது சொன்னார்.

"சார், மறுப்பு எனக்கு இப்பதான் வந்துச்சு. அந்த நாவல்ல கதவைச் சாத்தினவங்க யாரும் கெட்டவங்க இல்லை. பயந்துபோனவங்க. அந்தப் பயத்தைத்தான் அந்த மனுஷன் மழை, சுத்தம்னு அழகா எழுதிட்டாரு. நாமளும் அழகுன்னு நம்பிட்டோம்."

நான் தலையை ஆட்டினேன். உங்களுக்கு இதைச் செய்தது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. மனைவி பக்கத்தில் நின்றாள், ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் யாரோ போனார்கள். சொல்லவில்லை. அவர் போன பிறகு கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டேன்.

போர் முடிந்து, எல்லாப் பயமும் தீர்ந்த பிறகு, அந்த நாவலைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு நீண்ட கட்டுரை எழுதினேன். என்னைத் துணிச்சலானவன் என்று சொன்னது அதற்காகத்தான். பயத்தை அழகாக்கிக் காட்டுவதே இந்த நாவலின் குற்றம் என்று அதில் ஒரு வாக்கியம் வருகிறது. அந்த வாக்கியத்தைத்தான் எல்லோரும் எடுத்துப் பாராட்டினார்கள். அதைச் சொன்னது ஒரு டீச்சர் என்று நான் எங்கும் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் யார் அந்த டீச்சர், எப்போது சொன்னார் என்று கேட்பார்கள்.