வேப்பமரத்து மூலையும் முப்பது ஸ்கூட்டரும்

போன வாரம் எங்க ஏரியா சமுதாயக் கூடத்துல ஒரு கூட்டம். லாஸ்பேட்டையில எங்க பழைய கிரவுண்டு இருந்த எடத்துல புதுசா ஒரு உள்விளையாட்டு அரங்கம் கட்டலாமா வேண்டாமான்னு ஜனங்ககிட்ட கருத்து கேக்கறாங்களாம். வெளையாட்டுக்கும் எனக்கும் இப்ப இருக்கற சம்பந்தம் டிவி ரிமோட்டோட சரி. இருந்தாலும் போனேன். டீயும் சமோசாவும் உண்டுன்னு சொன்னாங்க.

டீ வர்றதுக்கு முன்னாடியே சண்டை வந்துடுச்சு. "மழை பெஞ்சா எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி நிக்குது. அதுக்குக் காசு இல்லையாம், அரங்கத்துக்கு மட்டும் எங்க வரிப்பணமா?"ன்னு முன் வரிசையில ஒரு அம்மா எழுந்தாங்க. "மழை நாள்ல புள்ளைங்க எங்கம்மா வெளையாடும், உங்க வீட்டு ஹால்லயா?"ன்னு ஒரு பி.டி. மாஸ்டர். அப்பதான் கடைசி வரிசையிலேர்ந்து ஒருத்தர், மதியமே கொஞ்சம் ஏத்திக்கிட்டு வந்தவரு, நாற்காலியப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. "யோவ், இந்த ஊர்ல அதிகமா வரி கட்டறவன் யாரு? நான்தான்யா. தெனமும் கட்டறேன். ஞாயித்துக்கெழமையில ரெண்டு வேளையும் கட்டறேன். எனக்கு முன்னாடி ஒரு சீட்டு போட்டுக் குடுங்க, தாராளமா கட்டிக்குங்க"ன்னாரு. எங்க ஊரு கஜானா எதால நெறையுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஹாலே சிரிச்சிது. பொய் சொல்றான்னு ஒருத்தராலயும் சொல்ல முடியல.

அந்த நேரம் பாத்து வெளியில யாரோ ஒரு பழைய ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்ணாங்க. ஒரு பக்கமா சாய்ச்சி, நாலு ஒதை ஒதைச்சி. ஜன்னல் வழியா நீலப் பொகை உள்ள வந்துச்சு. காலையில பெஞ்ச மழையோட ஈரமண் வாசனையும் கூடவே வந்துச்சு. அதுக்கப்புறம் கூட்டத்துல யாரு என்ன பேசுனாங்கன்னு என்னக் கேக்காதீங்க. நான் அங்க இல்ல.

ஸ்கூட்டர வச்சு கிரவுண்டு போட்ட கதைய உங்களுக்குச் சொல்லியிருக்கேனா? இல்லன்னா கேளுங்க.

எனக்கு அப்ப இருவத்திமூணு வயசு. ஒரு ஆபீஸ்ல தற்காலிக டைப்பிஸ்ட். தற்காலிகம்னா, வேலையும் தற்காலிகம், டைப்பிங்கும் தற்காலிகம். சாயங்காலமானா கிரவுண்டுதான். வாலிபால் டீம்ல என்னையும் சேத்தாங்க. ரெண்டு மேட்ச்சுல நான் போட்ட சர்வீஸ் வலையத் தாண்டவே இல்ல. "உனக்குக் கை வேலை செய்யல, வாய்தான் வேலை செய்யுது"ன்னு சொல்லி மைக்கக் குடுத்துட்டாங்க. அந்த மைக்குல எனக்கு முன்னாடி பேசுனவங்க எல்லாரோட வெத்தலை வாசனையும் இருக்கும். இன்னைக்கும் வெத்தலை வாசனை வந்தா, எனக்கு "மைக் டெஸ்டிங்"னு சொல்லத் தோணும்.

அந்தக் கிரவுண்டுல மழை பெஞ்சா மண்ணு பொங்கிக்கும். அழுத்தறதுக்கு ரோலர் கெடையாது. ஆனா எங்க குவார்ட்டர்ஸ்ல வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் இருந்துச்சு. மழை விட்ட மறுநாள், ஆபீஸ் விட்டு வர்ற கிளார்க்குங்கள எல்லாம் வழிமறிச்சி கிரவுண்டுக்குள்ள தள்ளிடுவோம். டிபன் கேரியர் தொங்கத் தொங்க, சில பேரு பின்னாடி சம்சாரத்தையும் ஒக்கார வச்சிக்கிட்டு, வரிசையா சுத்துவாங்க. வெயிட்டு கூட இருந்தா மண்ணு நல்லா படியும், அதனால சம்சாரங்களுக்குத் தனி மரியாதை. நான் நடுவுல நின்னு மைக்குல, "கணக்குப் பிரிவு சார், கொஞ்சம் எடது பக்கம்! பின்னாடி ஒக்காந்திருக்கற அக்கா, எறங்கிடாதீங்க, உங்களாலதான் கிரவுண்டே நிக்குது!" அந்த அக்கா அடுத்த நாள் எங்க அம்மாகிட்ட வந்து என்னப் பத்தி சொன்னது தனிக் கதை.

கிரவுண்டோட மேற்கு மூலையில ஒரு வேப்பமரம். அந்த மூலை எங்களோடது இல்ல, சொல்தாங்களோடது. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு ரிட்டயர் ஆகி வந்தவங்களத்தான் எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவோம். பட்டாளத்துல கத்துக்கிட்டு வந்த இரும்புக் குண்டு ஆட்டத்த தெனமும் அஞ்சு மணிக்கு ஆடுவாங்க. ஒரு சின்ன மரக்குண்டப் போட்டுட்டு, அதுக்குப் பக்கத்துல யாரோட இரும்புக் குண்டு போயி நிக்குதுன்னு பாக்கற ஆட்டம். ஆறு பேருக்கும் தலைவர் மாதிரி லூயி முசியே. முசியேன்னா பிரெஞ்சுல ஐயா. இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை, வெள்ளை மீசை, குண்டு தொடைக்க இடுப்புல ஒரு துணி.

இப்ப செல்வத்தப் பத்தி சொல்லணும். கனகசெட்டிக்குளத்துலேர்ந்து பஸ்ஸு புடிச்சி வந்து ஆடுவான். மீன்புடிக்கற வீட்டுப் பையன். வலைக்கு மேல இடுப்பு தெரியற மாதிரி எகிறுவான். அவனுக்கு ஒரு மாநில அளவு சர்டிஃபிகேட் கெடச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மெண்ட் வேலை. அந்த வருஷத்தோட வயசு வரம்பு முடியுது. மாநிலப் போட்டி எந்த ஊர்ல நடக்குதோ அந்த ஊரு டீமுக்கு நேரா எடம் உண்டு. ஆனா, ஜனங்க ஒக்கார கேலரி இருந்தாத்தான் போட்டியக் குடுப்போம்னு நடத்தறவங்க சொல்லிட்டாங்க. அதான் கேலரி கட்டித் தரச்சொல்லி அரசாங்கத்துக்கு மனு போட்டோம். டைப் அடிச்சவன் அடியேன். தப்பில்லாம நான் அடிச்ச ஒரே பேப்பர் அதுதான்.

கிரவுண்டுக்கு ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் ஸ்கூல் சுவரு, ஒரு பக்கம் வாய்க்கா. கேலரி வரணும்னா வேப்பமரத்து மூலையிலதான் வரணும். அன்னைலேர்ந்து டீக்கடையில தெனம் சண்டை.

"எதுக்குடா கேலரி? நீ வெளையாடறத நின்னுக்கிட்டே பாக்க முடியல, ஒக்காந்து வேற பாக்கணுமா? ஜனங்க வரிப்பணம்டா அது"ன்னு லூயி முசியே.

"நீங்க பென்ஷன் வாங்கறது பிரான்சுல. எங்க வரியப் பத்தி உங்களுக்கு என்னா முசியே?"ன்னு நான்.

"சாயங்காலம் நான் வாங்கற ஒயினுக்கு வரி யாருடா கட்டறான், உங்க அப்பனா?"

எங்க அப்பா அப்ப பக்கத்து பெஞ்சுலதான் ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தாரு. "அந்த வரிய நானும் தனியா கட்டிக்கிட்டுதான் இருக்கேன் முசியே"ன்னு சொல்லிட்டு, டீயப் பாத்துக் குனிஞ்சிக்கிட்டாரு.

அதிகாரி எடம் பாக்க வர்றதா தகவல் வந்துச்சு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நல்ல மழை. மொத நாள் சாயங்காலம் முப்பது ஸ்கூட்டர் சேந்துச்சு. ஈரம் காயலன்னு சொல்தாங்க அன்னைக்கு ஆட வரல. எனக்கு அப்ப ஒரு புத்தி தோணுச்சு. வேப்பமரத்து மூலைக்கும் வண்டிங்கள விட்டேன். அங்க கெடந்த சல்லியெல்லாம் மண்ணுக்குள்ள போயி, தரை பலகை மாதிரி ஆயிடுச்சு. பெரியவங்களுக்கு நல்லது பண்றோம்னு பாதி எண்ணம். காலி எடமாத் தெரிஞ்சா நமக்கு நல்லதுன்னு மீதி எண்ணம். எது பெரிய பாதின்னு இத்தன வருஷம் கழிச்சும் நான் பிரிச்சிப் பாக்கல.

அந்த ஆட்டத்துக்கு சல்லி வேணும்னு எனக்கு எங்க தெரியும்? சல்லியில விழுந்தாத்தான் குண்டு நிக்கும். மறுநாள் அஞ்சு மணிக்கு லூயி முசியே மொதக் குண்டப் போட்டாரு. அது வழுக்கிக்கிட்டே போச்சு, போச்சு, நேரா வாய்க்காவுல போயி முழுகிடுச்சு. முசியே கொஞ்ச நேரம் தண்ணியப் பாத்தாரு. அப்புறம் என்னப் பாத்து, "எங்க வீட்டுக்குக்கூட மொசைக் போட நேரம் கெடைக்கல எனக்கு. நீ ஒரே நாள்ல போட்டுட்டியேடா"ன்னாரு. ஆறு பேரும் குண்டுப் பைய கையில வச்சிக்கிட்டு மரத்தடியில சும்மா நின்னாங்க.

அதிகாரியோட ஜீப்பும் அப்பதான் வந்துச்சு. எறங்கி நாலு பக்கமும் பாத்துட்டு, மூலையக் காட்டி, "இங்க யாராவது வெளையாடறாங்களா?"ன்னு கேட்டாரு.

அதிகாரிய வரவேற்கறதுக்காக என் கையில மைக்கு. "யாரும் இல்லீங்க சார்"ன்னேன். எனக்கு நானே சொல்லிக்கற மாதிரிதான் சொன்னேன். பாழாப்போன மைக்கு ஊருக்கே சொல்லிடுச்சு.

 செல்வம்தான் முன்னாடி வந்தான். "இவுங்க ஆடறாங்க சார். தெனம் அஞ்சு மணிக்கு. நேத்து நாங்கதான் வண்டியேத்தி தரையக் கெடுத்துட்டோம்." அதிகாரி நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டாரு, கெளம்பிட்டாரு. கேலரி வரல. போட்டி வேற ஊருக்குப் போச்சு. செல்வத்தோட வயசும் போச்சு.

பஸ் ஸ்டாப்புல அவன புடிச்சிக்கிட்டேன். "லூசாடா நீ? உன் வேலைக்காகத்தானடா பொய் சொன்னேன்."

"தெனமும் பாக்கற மூஞ்சிடா. நாளைக்கு அஞ்சு மணிக்கு அவுரு முன்னாடி எப்படி வந்து நிக்கறது?"ன்னான். பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டான். ஜன்னல் பக்கமா ஒக்காந்து மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். மறுநாள் வந்து, எங்களோட சேந்து பாண்டுச் சட்டியில சல்லி அள்ளிப் போட்டான். லூயி முசியே குண்டு துணியாலயே அவன் முதுகு மண்ணத் தட்டி விட்டாரு. என் முதுகத் தட்டல. நியாயந்தான்.

லூயி முசியே தவறிட்டாரு. புள்ளைங்க பிரான்சுல, வீடு பூட்டிக் கெடக்கு. மரத்த ரோடு அகலம் பண்ணும்போது எடுத்துட்டாங்க. கிரவுண்டுக்கு கம்பி வேலி போட்டு பல வருஷம் ஆச்சு. செல்வம் மீன் வண்டி ஓட்டறான். அவன் பொண்ணும் வாலிபால் ஆடுது. மழை நாள்ல மீன் ஏலம் விடற கொட்டாயில பிராக்டிஸ் பண்ணுதாம், போன்ல சொன்னான். அதனால கூட்டத்துல குடுத்த பேப்பர்ல 'வேண்டும்'னு டிக் அடிச்சேன். அந்த முன் வரிசை அம்மா பேசுனதும் மனசுல முள்ளு மாதிரி இருந்துச்சு. பேப்பர்ல அதுக்கு எடம் இல்ல.

கூட்டம் முடிஞ்சி அஞ்சு நிமிஷத்துல ஹால் காலி. எல்லாரும் கார எடுத்துக்கிட்டு ஆளுக்கு ஒரு பக்கமாப் போயிட்டாங்க. பி.டி. மாஸ்டர் மட்டும் ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டிருந்தாரு. பக்கத்துல போயி, "உங்களோட சண்டை போட்டாங்களே, அந்த அம்மா யாரு சார், எந்தத் தெரு?"ன்னு கேட்டேன்.

"தெரியலீங்களே, இன்னைக்குத்தான் பாக்கறேன்"ன்னாரு. கொஞ்சம் யோசிச்சிட்டு, "நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?"ன்னாரு.

"இங்கதான் சார். அடுத்த தெரு."

"அப்படியா? நானும் அங்கதான்"னு சொல்லிட்டு, வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.