அவளிடம் மறைத்த பதினோரு நாள்

என் மனைவிக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் நாங்கள் நடத்திய சிறிய தையல் யூனிட்டில் தையல் லைனைப் பார்த்துக்கொண்டது அவள்தான். ஆர்டர் பிடிப்பதும் தைத்த பீஸைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் வேலை. யாரை எந்த மெஷினில் உட்காரவைப்பது, இன்று யாருக்குக் கை ஓடவில்லை என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு கார்த்திகை மாதம் அவள் வயிறு உப்பத் தொடங்கியது. வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்தாள். இரண்டு மூன்று வாரத்தில் தோளும் கையும் மெலிந்து ரவிக்கை தொளதொளத்தது. வயிறு மட்டும் முன்னே வந்தது. ஓவர்லாக் மெஷினில் இருந்த தென்காசிப் பக்கத்துப் பெண் தயங்கித் தயங்கி, "அக்கா, நாள் கீள் தள்ளிப்போயிருக்கா?" என்று கேட்டுவிட்டாள். லைனே சிரித்தது. இவளும் சிரித்தாள்.

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏனுங்க, ரெண்டு வாய் உண்டா நெஞ்சு வரைக்கும் அடைக்குதுங்க. ஒருக்கா டாக்டரைப் பாத்துட்டு வந்தர்லாமுங்க" என்றாள். மகள் பிறந்த பிறகு அவளாக மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

திருப்பூரிலேயே ஒரு டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேனில் வயிறு முழுக்க நீர். ஊசி போட்டு எடுத்தார்கள். மஞ்சளாக, இரண்டு பாட்டில் நிறைய வந்தது. "நம்ம பக்கம் இப்படி நீர் கட்டுனா முதல்ல டி.பி.யத்தாங்க சந்தேகப்படணும்" என்றார் டாக்டர். பரிசோதனை எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் மாத்திரை ஆரம்பித்தார். வெறும் வயிற்றில் ஒரு நாள் விடாமல் விழுங்கினாள். ஏழாவது வாரம் வயிறு மறுபடியும் பழையபடி உப்பி நின்றது. டாக்டர் நெடுநேரம் ஸ்கேனையே பார்த்திருந்துவிட்டு, "நான் நெனச்சது தப்பா இருக்கலாமுங்க. சதை எடுத்துப் பாத்தே ஆகணும்" என்று கோயம்புத்தூருக்கு அனுப்பினார். தப்பு என்று வாய்விட்டுச் சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு அன்று கோபம் வரவில்லை. பின்னால், அந்த ஏழு வாரத்தை நினைத்தபோதெல்லாம் வந்தது.

கோயம்புத்தூரில் வயிற்றில் சின்னத் துளை போட்டுச் சதை எடுத்தார்கள். ஒரு லேபில் பார்த்தது போதாமல் இன்னொரு லேபுக்கும் போனது. ரிசல்ட் வந்த அன்று யூனிட்டில் ஷிப்மென்ட் அவசரம். அவளால் லைனை விட்டு வர முடியவில்லை, நான் மட்டும் போனேன்.

புற்றுநோய் அறுவை மருத்துவர் ஒரு பெண். நிதானமாகப் பேசினார். "குடலையும் வயித்துச் சுவரையும் மூடி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. கேன்சர் அந்தச் சவ்வுலயே ஆரம்பிச்சிருக்கு. பெரிடோனியல் மீசோதீலியோமான்னு பேரு. ரொம்ப அபூர்வமானது. இவங்களுக்கு இருக்கறது வேகமா வளர்ற வகை."

பிறகு, "ஆஸ்பெஸ்டாஸ் தூசி படற இடத்துல இருந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

கல்யாணமான புதிதில் யூனிட்டுக்குக் கூரை போட, பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட் வாங்கி வாசலிலேயே வைத்து அறுத்தோம். வெள்ளைத் தூசியை நாலைந்து நாள் பெருக்கித் தள்ளியவள் அவள்தான். அந்தச் சீட்டைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தவன் நான். சொன்னேன். "அதனாலதான்னு சொல்லவே முடியாதுங்க. பெண்கள்ல நிறையப் பேருக்குக் காரணமே தெரியறதில்ல" என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "என்னங்க சொன்னாங்க?"

"டி.பி.யேதான். மாத்திரைக்குக் கேக்கலயாம். ஆபரேசன் பண்ணிச் சுத்தம் பண்ணோணுமாம்."

எப்படி அத்தனை சுலபமாக வந்தது என்று தெரியவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்த மகளிடம் மட்டும் போனில் உண்மையைச் சொன்னேன். "அம்மாகிட்டப் பொய் சொல்ல எனக்கு வராதுங்கப்பா" என்று அழுதாள். "கொஞ்ச நாளைக்குத்தான் கண்ணு" என்றேன். அந்த வாரக் கடைசியில் வந்தவள் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல், பரீட்சை என்று சொல்லி மறுநாளே கிளம்பிவிட்டாள்.

பதினோராவது நாள், ஆபரேஷன் பற்றிப் பேச இருவரும் போனோம். மருத்துவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன நோய்னு தெரியுங்களா?"

"டி.பி.ங்க."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவரே சொன்னார், தாளில் வயிற்றை வரைந்து காட்டி. நோய் பிடித்த சவ்வை முடிந்தவரை உரித்து எடுப்பது, தேவைப்பட்டால் குடலிலும் கொஞ்சம் எடுப்பது, அந்த மேஜையிலேயே சூடான கேன்சர் மருந்தை வயிற்றுக்குள் ஓடவிடுவது என்று எல்லாவற்றையும். என் மனைவி குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில், "பண்ணாம உட்டா என்னாகுமுங்க?" என்றாள். அதற்கும் மருத்துவர் மறைக்காமல் பதில் சொன்னார்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றாள்.

"லைன்ல ஒரு புள்ளைக்கு விரல்ல ஊசி ஏறுனாக்கூட, அவகிட்டச் சொல்லிட்டுத்தானுங்க எடுப்பேன். என்ற வயித்துக்குள்ள இருக்கறது உங்களுக்குத் தெரியும், புள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா?"

"நீ பயந்துக்குவீன்னுதான்..."

"பயந்தது நீங்கதானுங்க."

திருப்பூர் வரும்வரை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் செருப்பைக் கழற்றிய கையோடு மகளுக்குப் போன் போட்டாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு சாமி. இனி நீ ஊட்டுக்கு வா" என்றாள். அந்தப் பக்கம் மகள் அழுவது எனக்குக் கேட்டது.

ஆபரேஷன் காலையில் தொடங்கிப் பொழுது சாயும் வரை நடந்தது. முக்கால்வாசிக்கு மேல் எடுத்துவிட்டதாகவும், குடலோடு ஒட்டியிருந்த சில இடங்களில் கை வைக்க முடியவில்லை என்றும் மருத்துவர் சொன்னார். ஐந்தாம் நாள்தான் மூக்குக் குழாயை எடுத்தார்கள். அரை இட்லி தின்னப் பழகவே ஒரு மாதம் ஆனது. நாலாவது மாதம் ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து யூனிட்டுக்கு வந்தாள். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்தார்கள். "என்ன வேடிக்கை? உக்காருங்க" என்று அதட்டினாள். அதன் பிறகு ஒரு வருஷம் நன்றாகவே இருந்தாள்.

அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது, "நீங்க வெளிய இருங்க. நான் கேட்டுட்டு வந்து சொல்றனுங்க" என்று தனியாக உள்ளே போனாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "திரும்பி வந்துருச்சுங்க" என்றாள். இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்திருந்தாள். கீமோ மட்டும் மூன்று முறை ஏற்றிக்கொண்டாள். பிறகு அதுவும் போதும் என்றாள். லைனில் இருந்த பெண்களிடமும் நோயின் பெயரை அவளே சொன்னாள். எழுத்துக் கூட்டிச் சொல்வதுபோல மெதுவாக.

ஆடி மாதம் ஒரு பகல் நேரத்தில், மகள் மடியில் தலை வைத்தபடி போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் பதினோரு நாளை அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க எத்தனையோ மத்தியானங்கள் இருந்தன. கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பாள். அதற்குப் பயந்தே கேட்கவில்லை.